அடுத்தவள் அளவு

புது வீட்டின் சமையல் மேடையில் முதல்முறையாகக் கையை ஊன்றி நின்றபோது அவளுக்கு முதுகு வளைந்தது.

முதலில் அது பிடிபடவில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்குப் பலகையை அவள் கணவர் இழைத்து, உப்புத்தாள் போட்டு, மூன்று கை எண்ணெய் கொடுத்து, கடைசியில் பழந்துணியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தார். உள்ளங்கை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அடைத்துக் கிடந்த ஜன்னல்களுக்குள் எண்ணெய் வாசனையும் மரத்தூள் வாசனையும் பகல் வெயிலில் சேர்ந்து ஊறி, புழுங்கிய தானியம் போல ஒரு கனமான மணமாக நின்றன. அந்தச் சுகத்தில் ஒரு நிமிடம் போயிற்று. பிறகுதான் இடுப்புக்கு மேலே அந்தப் பழைய வலி, வாடகை வீடுகளின் தாழ்ந்த மேடைகளில் பதினான்கு வருடமாகக் குனிந்து குனிந்து அவள் சேர்த்து வைத்திருந்த வலி, வழி தெரிந்த விருந்தாளியைப் போல வந்து உட்கார்ந்தது.

அவள் ஐந்தடி எட்டங்குலம். எந்த வாசலிலும் தலை குனிந்து நுழைந்தே பழகியவள். தெருவில் தையல்காரம்மா, கணவருக்கு நெட்டை. ஊரெல்லாம் கேலியாகச் சொன்னதை அவர் மட்டும் ஆசையாகச் சொல்வார்.

அவர் கணக்கு வாத்தியார். தச்சு வேலையை யாரிடமும் போய்க் கற்கவில்லை. மனை வாங்கிய அன்று, "உன் முதுகு வளையாத வீடு ஒண்ணு கட்டித் தரேன் பாரு நெட்டை" என்று சொன்னார். சுவர் எழுப்பக் கொத்தனாரை வைத்துக்கொண்டார். மரவேலை முழுக்கத் தன் கையால்தான் என்று சொல்லிவிட்டார். மூன்று வருடம். சனி, ஞாயிறு, பள்ளி விட்ட சாயங்காலங்கள், கோடை விடுமுறைகள். அவள் சும்மா இருக்கவில்லை. பழைய மரக்கடையிலிருந்து வந்த உத்திரங்களிலும் சட்டங்களிலும் துருப்பிடித்துக் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாக அவள்தான் பிடுங்கினாள். ஊசி பிடித்த விரல்கள் குறடு பிடித்துக் காய்த்துப் போயின.

அளவு எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு நீளமான சட்டத்தை நிறுத்தி, அதன் பக்கத்தில் அவளைச் செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார். முழங்கை, தோள், கண், தூக்கிய கையின் நுனி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பென்சிலால் கோடு போட்டார். "இந்த வீட்டுக்கு இதுதான் அளவுகோல்" என்றார். முழங்கைக் கோட்டைப் போடும்போது வேண்டுமென்றே கிச்சுகிச்சு மூட்டினார். அவள் துள்ளியதில் பென்சில் முனை உடைந்தது. இருவரும் சிரித்தார்கள்.

இப்போது கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்து மேடையின் உயரத்தை அளந்தாள். முப்பத்துமூன்று. அவளுக்கு முப்பத்தெட்டு வேண்டும். 

அரை நூல் பிசகினால் சாப்பாடு இறங்காத மனிதர். ஐந்து அங்குலம் எப்படிப் பிசகும்?

"என்னங்க, மேடை தாழ்வா இல்ல?"

அவர் அடுத்த அறையில் ஜன்னலோரப் பலகையை மெருகேற்றிக்கொண்டிருந்தார். துணி மரத்தில் ஓடும் சத்தம் நிற்கவேயில்லை. "உனக்கு வச்ச அளவுதானே" என்றார்.

மூலையில் சாத்தியிருந்த அந்தச் சட்டத்தை அவள் தேடி எடுத்து, பக்கத்தில் நின்றாள். முழங்கைக் கோடு அவள் முழங்கையில் இல்லை. மிகவும் கீழே இருந்தது. தோள்கோடு மார்புக்கு நேரே நின்றது. 

இது என் சட்டம் இல்லை, என்று நினைத்தாள். இதன் பக்கத்தில் வேறு யாரோ நின்றிருக்கிறாள். செருப்பில்லாமல். அவளுக்கும் கிச்சுகிச்சு மூட்டினாரா?

அன்றைக்கு அவளுக்கு வந்தது பயம் இல்லை. நல்ல, கொதிக்கிற பொறாமை.

*

அதன் பிறகு வீட்டின் ஒவ்வொரு சாமானும் அவளிடம் கோள் சொல்ல ஆரம்பித்தது.

கண்ணாடிச் சட்டத்தை அவர் பூவேலை செய்து பதித்திருந்தார்; அதில் அவளுக்குத் தன் முகவாய்க்கு மேலே தெரியவில்லை. சாய்வு நாற்காலியின் முதுகில் தோளுக்கென்று குடைந்திருந்த பள்ளம் அவள் தோளை ஏற்கவில்லை. அதன் கைகள் இரண்டும் இடுப்பை நெரித்தன. கதவுகளின் கைப்பிடிகள்தான் எல்லாவற்றையும் விட மோசம். ஒவ்வொன்றையும் அவர் பிடிக்குத் தகுந்தாற்போலச் செதுக்கியிருந்தார். விரல்களுக்கு நான்கு பள்ளம், கட்டைவிரலுக்கு ஒரு குழி. வலக்கையை வைத்தால் உட்காராது. இடக்கையை வைத்தால் உட்காரும், ஆனால் அவள் விரல்கள் வெளியே வழிந்தன. சின்னக் கை. இடக்கைக்காரி.

அவர் அந்த மரங்களைத் தடவும் விதமும் அவளுக்குத் தாங்கவில்லை. உப்புத்தாளை வைத்துவிட்டு வெறும் புறங்கையால், கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழாக மெல்லத் தடவிப் பார்ப்பார். வாய்க்குள் ஏதோ முனகுவார். கல்யாணமான புதிதில் கூட அவளை அப்படித் தொட்டதில்லை.

வாடகை வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டுகளை எடுத்துப் போட்டாள். பதினாறு நோட்டுகள். சுற்றுவட்டாரப் பெண்கள் அத்தனை பேரின் உடம்பும் அங்குலக் கணக்கில் அதற்குள் இருந்தது. சிரித்துப் பேசுகிறவள், தண்ணீர் பிடிக்கும்போது எட்டிப் பார்க்கிறவள், அவரோடு பள்ளியில் வேலை பார்க்கிற வேதியியல் டீச்சர், ஒருத்தியையும் விடவில்லை. டீச்சர் உயரத்தில் ஒத்து வந்தாள். ஆனால் இடுப்பு இரண்டங்குலம் அதிகம், கையும் வலக்கை. மெலிந்திருப்பாளோ என்று கூட யோசித்து, அடுத்த நாள் வேண்டுமென்றே வழிமறித்துப் பேசிப் பார்த்தாள். மெலியவில்லை. இன்னும் ஒரு சுற்றுப் பருத்துத்தான் இருந்தாள்.

நோட்டில் இல்லாத ஒருத்தி.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அளவு எடுக்கத் தெரிந்தவளிடம் ஆளை மறைக்க முடியுமா? ஆள் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறதே.

அவர் பள்ளிக்குப் போயிருந்த ஒரு பகலில் டேப்பும் நோட்டுமாக உள்ளே போனாள். நாற்காலியிலிருந்து தோளும் இடுப்பும் எடுத்தாள். ஜன்னலோரப் பலகையின் உயரத்திலிருந்து முழங்கால். கண்ணாடியிலிருந்து கண்மட்டம். மேடைக்கும் மேல்தட்டுக்கும் நடுவிலிருந்து கையின் நீளம். கைப்பிடியிலிருந்து மணிக்கட்டு. ஒவ்வொரு எண்ணையும் எழுத எழுத, எழுதுகிற கைக்குப் பக்கத்தில் ஒருத்தி வளர்ந்துகொண்டே வந்தாள். குள்ளம். ஒடிசல். இடது தோள் ஒரு நூல் தாழ்வு.

கழுத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் கழுத்து படுகிற இடம் எது? எல்லா அறைகளிலும் தேடினாள். இல்லை.

முழுக்கை வைத்த, கணுக்கால் வரை வருகிற கவுன் ஒன்று தைத்தாள். சாம்பல் நிறத் துணி. இரண்டு நாளில் முடிந்தது. கழுத்தை மட்டும் பட்டி வைக்காமல், பிறகு பிரித்துக்கொள்ளும்படி ஓட்டுத்தையல் போட்டு விட்டுவிட்டாள். அதைப் புது வீட்டின் பெரிய அறையில், அவர் கடைந்து மாட்டியிருந்த மர முளையில் தொங்கவிட்டாள். அவர் பார்க்கட்டும். பார்த்ததும் முகம் மாறும். முகம் மாறினால் போதும், மீதியைப் பிடுங்கிவிடலாம்.

அன்று ராத்திரி புது வீட்டு வேலை முடிந்து வந்து அவர் சாப்பிட்டார், கை கழுவினார், நாளிதழ் படித்தார். கவுனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பகல் அவள் போய்ப் பார்த்தாள். கவுன் அதே முளையில்தான் இருந்தது. ஆனால் மடியில் உட்கார்ந்து எழுந்த சுருக்கம். முழங்கை மடிப்பில் வரி வரியாகக் கசங்கல். இடது கை ஓரத்தில் மரத்தூள். அக்குளில் ஈரம்.

மூக்கருகே கொண்டுபோனாள். வியர்வை வாசனை இல்லை. மழையில் நனைந்த மரத்தைப் பிளந்தால் வருமே, அந்த வாசனை. துணி வெதுவெதுப்பாக இருந்தது.

போட்டுப் பார்த்திருக்கிறாள். கச்சிதமாக இருந்திருக்கிறது. தன் கைத்திறமையே தன்னைச் சுட்டது போல அவளுக்கு முகம் எரிந்தது.

*

"யாரு அது?"

வாத்தியார் நிமிர்ந்தார். வாசல் கதவுதான் பாக்கி. அதைத் தரையில் கிடத்தி, கீல் பதிக்க உளியால் குழி எடுத்துக்கொண்டிருந்தார். 

"எது யாரு?"

"கவுனைப் போட்டுக்கிட்டு இங்க நடமாடுறவ."

அவர் அவளை விளங்காமல் பார்த்தார். "ஏன் நெட்டை, நீதானே நேத்து சாயங்காலம் போட்டுக்கிட்டு இருந்தே? எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் குடுத்தே. அந்தப் பலகையில உக்காந்து நான் வேலை செய்யறதையே பாத்துக்கிட்டு இருந்தே."

"நேத்து சாயங்காலம் நான் மிஷினை விட்டு எந்திரிக்கவே இல்ல."

"அப்படியா?" உளியை ஒரு தட்டு தட்டினார். ஒரு சின்னச் சில்லு தெறித்தது. "பேசாம இருந்தே. கோபம்னு நினைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு உனக்கு."

அவர் இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எவ்வளவு துணிச்சல்! என்னைக் காட்டியே என்னிடம் மறைக்கிறாரே. 

"முகத்தைப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது.

"முகமா?" என்றார். "வெயில் பின்னாடி இருந்துச்சு."

*

மரம் வந்த இடத்திலேயே கேட்டுவிடுவது என்று அந்தச் சனிக்கிழமை மதியமே பழைய மரக்கடைக்குப் போனாள். அங்கே எவளையாவது பார்த்துப் பழகியிருப்பார் என்பது அவள் கணக்கு. கடைக்காரர் கதவுக் குவியலுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. வாத்தியார் வீட்டுலதானே? வேலை முடிஞ்சுதா?"

"முடியப்போகுது அண்ணே. அந்த மரமெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு?"

"எல்லாம் ஒரே வீடு. வாத்தியார் வேற எதையும் தொடல. நானும் சொன்னேன், இதெல்லாம் வேற அளவுல இழைச்சு வச்சது, மறுபடி அறுத்துத்தான் ஆகணும்னு. வேண்டாம்னுட்டாரு. அறுக்கப் போனா ரம்பம் ஓட மாட்டேங்குது, வச்ச இடத்துல தானா பொருந்துதுங்கறாரு."

அவள் ஒரு கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்டுல யாரு இருந்தாங்க? குள்ளமா, இடக்கைக்காரப் பொம்பளை?"

கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். 

"அந்த வீட்டுல யாருமே குடியிருந்ததில்லம்மா. கட்டினவரு தனி ஆளு. பெண்டாட்டிக்கு, பெண்டாட்டிக்குன்னு சொல்லிச் சொல்லி, ஒவ்வொண்ணையும் தன் கையால இழைச்சாரு. இடக்கைன்னு அவரும் சொல்வாரு."

"அவங்க எங்க இப்ப?"

"எவங்க? அவருக்குக் கல்யாணமே ஆகலயேம்மா."

பக்கத்துப் பட்டறையில் ரம்பம் ஓடும் சத்தம் எழுந்து, நீண்டு, அறுந்தது.

"கடைசியா வாசக்கதவை மாட்டினாரு. மாட்டின அன்னிக்கு உள்ள போனவரு வெளியே வரல. கதவை உடைச்சுப் பாத்தா ஆளே இல்ல. சொந்தக்காரங்க இடிச்சு வித்துட்டாங்க." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "இதையெல்லாம் வாத்தியார்கிட்ட அப்பவே சொன்னேன். சிரிச்சாரு."

நியாயமாகப் பார்த்தால் அவள் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். உடம்பு பயந்தது. ஆனால் மனதுக்குள் அதையும் தாண்டி ஒன்று எரிந்தது. ஆள் இருந்தால் சண்டை போடலாம். தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம். பிறக்கவே பிறக்காத ஒருத்தி வந்து, நான் பிடுங்கிய ஆணிகளின் வீட்டில் உட்காருவாளா? அவளுக்கு நானே துணியும் தைத்துக் கொடுப்பேனா?

கவுனைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். ஒரு தையல் விடாமல்.

*

புது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. சுவரெல்லாம் வெயில். தெருவில் ஒருவரும் இல்லை.

வாசல் கதவு மாட்டியிருந்தது. காலையில் தரையில் கிடந்த கதவு. புது வார்னிஷில் அவள் உருவம் கறுப்பாகத் தெரிந்தது. உள்ளே துணி மரத்தில் ஓடும் சத்தம் கேட்டது. மெல்ல. சீராக. நடுவே யாரோ எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்துகிற சத்தமும் கேட்டது.

அவருக்கு ஒரு கையில் துணி இருக்கும். மறு கையால் மரத்தைப் பிடித்திருப்பார். கிண்ணத்தை நகர்த்துவது?

தட்டினாள்.

சத்தங்கள் இரண்டும் நின்றன.

வாத்தியார் கதவைத் திறந்தார். முடியெல்லாம் மரத்தூள். அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளியாட்களைப் பார்க்கும்போது வருகிற மரியாதையான சிரிப்பு.

"சொல்லுங்கம்மா. யாரைப் பாக்கணும்?"

"என்னங்க விளையாட்டு இது?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கண் அவள் கழுத்தில் தொங்கிய டேப்புக்குப் போயிற்று. முகம் தெளிந்தது.

"அடடே, தையல்காரம்மாவா! வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தோம். கவுன் வீட்டுல ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கழுத்துதான் முடிக்காம விட்டுட்டீங்களாம்."

வீட்டுல. பதினான்கு வருடமாக அவளைப் பற்றி அடுத்தவரிடம் அவர் சொன்ன சொல். 

"நான்தாங்க," என்றாள். "நெட்டை."

"தலை இடிக்கப் போகுது, பாத்து வாங்க" என்றார்.

வாசல் நிலை தாழ்ந்திருந்தது. குனிந்துதான் நுழைந்தாள். 

முளை வெறுமையாக இருந்தது.

ஜன்னலோரப் பலகையில் கவுன் உட்கார்ந்திருந்தது. பின்னால் வெயில். தோள்கள் நிறைந்திருந்தன. இடது தோள் ஒரு நூல் தாழ்வு. மடியில் இரண்டு கைகள். சின்னக் கைகள். நகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. மார்பு மெல்ல ஏறியது. இறங்கியது.

கழுத்துக்கு மேலே ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு அப்பால் தெரு. 

கால்கள் ஓடச் சொன்னன. ஓடியிருப்பாள். ஆனால் அந்த இடக்கை நீண்டு, கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டது. உரிமையோடு. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பழகிப்போனவர் போல நின்றார்.

அவ்வளவுதான். பயம் எங்கோ போயிற்று.

டேப்பைக் கழுத்திலிருந்து உருவினாள். இரு முனையையும் இரண்டு கைகளில் சுற்றிக்கொண்டாள். கிட்டே போனாள். ஓட்டுத்தையல் போட்ட அந்தக் கழுத்து ஓட்டைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், டேப்பைப் போட்டாள். இழுத்தாள். 

டேப் நின்றது.

இன்னும் இழுத்தாள். பலம் கொண்ட மட்டும். விரல் முட்டிகள் வெளுத்தன. காற்றில் வட்டமாக நின்ற டேப் ஒரு நூல் கூடச் சுருங்கவில்லை. அளவு கொடுக்க வந்த பெண்கள் பொறுமையாக நிற்பார்களே, அப்படி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது அது. 

வாத்தியார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தச் சட்டத்தையும் எடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. எவ்வளவு?"

சொல்லக் கூடாது என்று நினைத்தாள். உதட்டைக் கடித்தாள்.

"பதிமூணு" என்றது அவள் வாய்.

அவர் கோடு போட்டார். 

டேப்புக்குள், அவள் விரல்களுக்கு அடியில், வெதுவெதுப்பாக ஒன்று ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கியது.